யாருக்கு மதுவிலக்கு?

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, மொன்றியலில் நான் போன கொண்டாட்டங்களில் எல்லாம் ஒரே பேச்சு: "முழு மதுவிலக்குக் கொண்டுவர வேணும்." சொன்னவர்களின் கையில் பியர் இருந்தது. அதைக் குறை சொல்லவில்லை. பியரும் வைனும் இருக்கட்டும் என்று 1919இல் வாக்களித்த கியூபெக்கில்தான் நாங்கள் வாழ்கிறோம். எங்களுக்கு வேண்டாத சட்டத்தை ஒரு கூலித் தொழிலாளிக்குச் சிபாரிசு செய்கிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

கூலிக்காரனுக்கென்றே போட்ட மதுவிலக்கு என்ன செய்யும் என்பதைத் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்கள் காட்டின. வரலாற்றாசிரியர் சார்ள்ஸ் வான் ஒன்செலன் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே 1886இல் தங்கம் கண்டபோது, பிரிட்டோரியாவுக்கு அருகே அரசின் தனியுரிமை பெற்ற வடிசாலை ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. கறுப்பினத் தொழிலாளி குடிப்பது முதலாளிகளுக்குத் தொடக்கத்தில் வசதியாகவே இருந்தது. சம்பளத்தைக் குடித்துத் தீர்த்தவன் வெறுங்கையோடு ஊருக்குப் போக முடியாமல் மேலும் சில மாதம் சுரங்கத்தில் இறங்குவான். பிறகு, வெறியில் வேலைக்கு வராதவர்களால் உற்பத்தி குறைந்தது. உடனே அதே முதலாளிகளுக்கு ஒழுக்கம் ஞாபகம் வந்தது. 1897இல் டிரான்ஸ்வாலில் கறுப்பினத்தவருக்கு மது விற்பது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. வெள்ளையருக்குத் தடை இல்லை.

குடி நின்றதா? கள்ள மது வியாபாரிகள் கொழுத்தார்கள், பொலிஸ் லஞ்சம் வாங்கியது. சுரங்க முகாம்களுக்குள் கம்பனிகளே சோளப் பியரை அளந்து கொடுத்தன. யொஹன்னஸ்பேர்க் சேரிகளில் பெண்கள் பியர் காய்ச்சி, தகரங்களில் நிரப்பி முற்றத்து மண்ணில் புதைத்து வைத்தார்கள். கணவனின் கூலி போதாத வீட்டில் பிள்ளைகளின் சாப்பாடு அந்தத் தகரத்தில்தான் இருந்தது. பொலிஸ் வந்து கிண்டி எடுத்து ஊற்றியது. தண்டம் கட்டியவர்களும் சிறைக்குப் போனவர்களும் அந்தப் பெண்கள். பிடிபடுமுன் விற்க வேண்டும் என்பதால், சீக்கிரம் புளித்து வெறியேற்றும் கலவைகள் பெருகின. கறுப்பினத்தவர் கடையில் மது வாங்க 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"அப்ப குடி நல்லதோ?" என்று கேட்பீர்கள். இல்லை. குடிகாரக் கணவனிடம் அடிவாங்கியவள் மதுக்கடையை மூடச் சொன்னால் அவளுக்கு அதற்கு முழு உரிமை உண்டு. அவளோடு நிற்பேன். ஆனால் அவள் கேட்பது பாதுகாப்பும் வீட்டுக்கு வரும் கூலியும். அதை விட்டுவிட்டுத் தடையை மட்டும் கொடுத்தால், அவளுடைய குசினிக்குள்தான் முதலில் பொலிஸ் நுழையும்.

தமிழ்நாட்டில் இப்போதே பாதி மதுவிலக்கு இருக்கிறது. பிராண்டு மதுவை அரசே கடைபோட்டு விற்கிறது, மலிவான சாராயத்துக்குத் தடை. காசுள்ளவனுக்கு டாஸ்மாக், இல்லாதவனுக்குப் பக்கெட் சாராயம். கள்ளக்குறிச்சியில் செத்தவர்களில் பெரும்பாலானோர் அன்றாடக் கூலிகள். மீதிப் பாதியையும் கொண்டுவந்தால் கசிப்புக்காரனுக்குப் போட்டியே இருக்காது.

ஊருக்காகக் குரல் கொடுக்க விரும்புகிறவர்கள் கூலியைப் பற்றிக் கேளுங்கள். குடியை நிறுத்த விரும்புகிறவனுக்கு இலவசச் சிகிச்சை எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று கேளுங்கள். சாராயத்தில் மெதனோல் கலந்தவனுக்குப் பின்னால் நின்றவர் யார் என்று கேளுங்கள். இவற்றைக் கேட்ட பிறகும் மதுவிலக்குத்தான் வேண்டும் என்றால், முதலில் மொன்றியலில் கேட்டுப் பாருங்கள்.