பன்னீர் விலை

முகத்துக்குத் தடவ ஒரு சின்னஞ்சிறு சீசா. லேபிளில் 'ரோஜா எக்ஸோசோம்' என்று போட்டு, விலையை ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கிறார்கள். பர்ஸைத் திறக்குமுன் ஒரு நிமிஷம்.

எக்ஸோசோம் என்பது செல் தானாக வெளியே அனுப்பும் கொழுப்புச் சவ்வுப் பொட்டலம். 30 முதல் 150 நானோமீட்டர். உள்ளே கொஞ்சம் புரதம், ஆர்.என்.ஏ. இதுவரை நிஜம்.

செடியிலிருந்து அசல் சரக்கு வேண்டுமென்றால் செல்லை உடைக்கக் கூடாது. செல்களுக்கு இடையே இருக்கும் திரவத்தை மட்டும் பதமாக எடுக்க வேண்டும். கிடைப்பதோ சொற்பம். கட்டுப்படியாகுமா? அதனால் பலரும் அரைத்துச் சாறெடுக்கிறார்கள். அரைக்கும்போது கிழிந்த சவ்வுத் துணுக்குகள் தாமே சுருண்டு குமிழாகிவிடும். அதே சைஸ்! புவியீர்ப்பைப் போல் லட்சம் மடங்கு விசையில் சுழற்றினாலும் அசலும் போலியும் ஒரே வண்டலில்தான் வந்து உட்காரும். வடிகட்டினாலும் அதே கதை. அப்புறம் 'சுத்திகரித்தது' என்கிறீர்களே, எதிலிருந்து எதைய்யா?

பிறப்பிடத்தை நிரூபிக்காமல் எக்ஸோசோம் என்று பெயர் வைக்காதீர்கள் என்று இத்துறை ஆராய்ச்சியாளர்களே 2018 வழிகாட்டியில் சொல்லிவிட்டார்கள். லேபிள் அடிப்பவர் அதைப் படிப்பாரா என்ன!

தடவுவதோடு போனால் பணம்தான் நஷ்டம். சில இடங்களில் நுண்ணூசியால் முகத்தைக் குத்தி, அதன்மேல் ஊற்றுகிறார்கள். சாற்றில் ஒட்டிவந்த கண்ட புரதமும் உள்ளே போகும்.

கேளுங்கள்: ஒரு மில்லியில் எத்தனை குமிழ்? எப்படி எண்ணினீர்கள்? கூட வந்த புரதம் எவ்வளவு? முழித்தால், பன்னீர் விலைதான் தருவேன் என்று சொல்லிவிடுங்கள்.