கோரை நட்டவர் உறங்கலாமா?

காவிரிக் கரையில் கரூர், நாமக்கல், திருச்சி மாவட்டங்களின் பல ஊர்களில் பாய்க்கோரை பயிராகிறது. ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் அறுக்கலாம் என்பதால், இதை “சோம்பேறிப் பயிர்” என்று கேலி பேசுவோரும் உண்டு. நீர் தேங்கும் தாழ்ந்த நிலத்தில் நெல் தோற்றுப்போன சிறு விவசாயி, அந்தப் பேச்சை நம்பிக் கோரை நட்டுவிட்டு உறங்கிவிடுகிறார். பிறகு விலை இல்லை என்று வருந்துகிறார். குறை பெரும்பாலும் விலையில் இல்லை. அறுக்கும் நாளிலும் காயவைக்கும் களத்திலும் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தோட்டக்கால்களில் களையாக வந்து உயிரை வாங்கும் கோரை வேறு, பாய்க்கோரை வேறு. பாய்க்கோரை ஆளுயரம் வளரும். இதற்கு விதைப்பு கிடையாது. பழைய வயலிலிருந்து கிழங்கோடு பெயர்த்த தூர்களைச் சேற்றில் நடவேண்டும். நட்ட முதல் சில மாதங்களில் களை எடுக்கத் தவறினால் கோரைக்கு நடுவே புல் புகுந்துவிடும். அறுக்கும்போது புல்லைப் பிரித்தெடுக்க ஆகும் கூலி, அப்போது மிச்சப்படுத்திய களைக் கூலியை விழுங்கிவிடும்.

முதல் அறுப்புக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆகும். அதன்பின் ஆறு மாதத்திற்கு ஒருமுறை அறுக்கலாம். இந்தக் கணக்கைத்தான் பலர் கவனிப்பதில்லை. முதல் அறுப்பு ஐப்பசியில் விழுந்தால், அடுத்த ஐப்பசியிலும் அறுப்பு வந்து நிற்கும். அடைமழையில் அறுத்த கோரையை எங்கே காயவைப்பது? நனைந்த கோரை கறுத்துவிடும், பூசணம் பிடிக்கும்; வியாபாரி கைவிட்டு எண்ணும் பணம் பாதியாகும். மாறாக, மாசிப் பட்டத்தில் நட்டு அடுத்த தையில் முதல் அறுப்பு எடுத்தால், மறு அறுப்பு ஆடியில் வரும். இரண்டுக்கும் வெயில் உண்டு. ஆற்றுப் படுகை நிலமானால் ஆடி வெள்ளத்திற்கு அஞ்சி ஆனியிலேயே அறுத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே ஐப்பசியில் மாட்டிக்கொண்டவர்கள் ஒரு அறுப்பைச் சற்று முன்பின்னாகத் தள்ளி மாதத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒரு தடவை சிறிது நட்டமானாலும் பாதகமில்லை.

பூ முற்றும்வரை விட்டுவைப்பதும் தவறு. தண்டு மஞ்சளித்து முரடாகிவிடும். பசுமை மாறாத பருவத்தில் அறுத்து, நீளவாரியாகப் பிரித்து, பரப்பிக் காயவைத்துக் கட்ட வேண்டும். நெட்டையும் குட்டையும் கலந்த கட்டுக்குக் குட்டையின் விலைதான் கிடைக்கும். நீளக் கோரை பெரிய பாய்க்குப் போகும். பத்தமடைப் பாய் நெய்பவர்கள் கோரையைப் பச்சையாகவே வாங்கிக் கீறி, ஆற்று நீரில் ஊறவைத்து, நூல்போல் மெலிதாக்கிப் பட்டுப்பாய் செய்கிறார்கள். தண்டின் தரத்திற்கு அங்கே எவ்வளவு மதிப்பு என்பதை இது காட்டும்.

சிலர் கையில் பணம் இல்லாத நேரத்தில், நின்ற பயிராகவே கண்மதிப்புக்கு விற்றுவிடுகிறார்கள். அவசரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அப்படி விற்றால் அறுக்கும் நாளை முடிவு செய்பவர் வாங்கியவராகிவிடுகிறார். அவர் கட்டையை உயரமாக விட்டு அறுத்துப் போனாலும் கேட்க முடியாது. அறுத்தபின் கட்டையைச் சுத்தம் செய்து, எருவும் தழைச்சத்தும் இட்டு நீர் கட்டவேண்டிய செலவோ நிலத்துக்காரர் தலையில். பக்கத்து நிலத்தார் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் அறுத்தால் ஆள்பற்றாக்குறையும் களமும் ஒருவாறு சமாளிக்கப்படும்.

கோரைக்கு நிலம் முழுவதையும் கொடுப்பது சிறு விவசாயிக்கு ஏற்றதல்ல. நீர் வடியாத ஒரு மூலையில் நடுவதே போதும். பின்னால் மீண்டும் நெல்லுக்குத் திரும்ப நினைத்தால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்குகள் எளிதில் விடா. உழுது, பொறுக்கி, மறுபடி உழ வேண்டியிருக்கும். வரப்போரம் ஓரடி அகலத்திற்குக் கோரையை விடாமல் வெட்டி வருவது, பக்கத்து வயல்காரரோடு வீண் சச்சரவு வராமல் காக்கும்.