பெரிய அக்ஸில் மோகம்

சின்னப் பிக்கப்பை ஃபோர்வீலாக்க வெளிக்கிடும் பெடியள், அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது, "எவ்வளவு பெரிய அக்ஸில் போடலாம்?" எண்டுதான். இந்த மோகம் எங்களுக்கு உடன்பாடில்லை. டானா 60 படத்துக்கு வடிவு. சின்ன எஞ்சினுக்கு அது வெறும் பாரம்.

கேட்கவேண்டியது பல் விகிதத்தை. பின்னுக்கு 4.10, முன்னுக்கு 3.73 எண்டால், ஃபோர்வீல் போட்டதும் முன்சில்லு பின்சில்லைவிட ஏறத்தாழ 10 வீதம் வேகமாகச் சுத்தப் பார்க்கும். சேறெண்டால் வழுக்கித் தப்பும். தார் றோட்டில் ரயரோ கியரோ ஷாஃப்ட்டோ, ஏதோ ஒண்டு போகும். முன் டிஃபரன்ஷியலும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் முன்ஷாஃப்ட் வாற பக்கத்திலேயே இருக்கவேணும். இதை வீடியோக்காரர் ஏனோ சொல்லுறதில்லை.

ஒரே வண்டியில் கழட்டின முன்-பின் சோடியைத் தேடுங்கோ. "ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான்" எண்டு விற்கிறவர் சொன்னால், கிரவுண், பினியன் பல்லை எண்ணிக் காட்டச் சொல்லுங்கோ: 41ஐ 10ஆல் வகுத்தால்தான் 4.10. காட்டாட்டில் காசு மடியிலேயே இருக்கட்டும்.