வேலியும் வேண்டும், பொட்டும் வேண்டும்

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு முதலில் என்ன வேண்டும் என்று கேட்டால், கூரை, கிணறு, மலசலகூடம், விதைநெல் என்று நாம் அடுக்கிக்கொண்டு போவோம். திட்டங்களும் அந்த ஒழுங்கிலேயே வருகின்றன. இந்தப் பட்டியல்களில் அயல் என்ற சொல் இடம்பெறுவதில்லை. வீட்டை ஒப்பந்தகாரர் கட்டித் தரலாம். அயலை நாமேதான் கட்டவேண்டும்.

முன்பு கிளுவையும் பூவரசும் நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ வேலி அடைத்தோம். அந்த வேலியில் எங்காவது ஒரு பொட்டு இருக்கும். அதனால் கறிவேப்பிலை போகும். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வரும். "பிள்ளையை ஒருக்கால் பாருங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டுத் தாய் தோட்டத்துக்குப் போவாள். வேலி எல்லையைக் காத்தது. பொட்டு உறவைக் காத்தது.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2008, 2009 இல் வன்னியிலிருந்தும் பெயர்ந்தபோது காணியோடும் மாட்டோடும் இந்தப் பொட்டையும் இழந்தோம். முகாம் வாழ்வில் வரிசை வந்தது. வரிசையில் முன்னால் நிற்பவர் போட்டியாளராகவே தெரிவார். 2012 இல் மெனிக் பாம் மூடப்பட்டது. வரிசை தந்த மனம் இன்னும் முழுதாக மாறவில்லை. திரும்பிய ஊர்களில் தகர வேலியும் முள்ளுக்கம்பியும் எழுந்துள்ளன. எல்லைக்கல் தொலைந்த காணிகளில் ஒரு முழ நிலத்துக்காகச் சகோதரர் வழக்காடுகின்றனர். முகாமில் ஒரே குழாயில் நீர் பிடித்தவர்களில் சிலர், ஊர் வந்ததும் கிணற்றடியில் சாதி பார்க்கின்றனர்.

நுண்கடன் இந்தக் காயத்தை ஆழமாக்கியது. ஒருத்தியின் கடனுக்கு அயற்பெண்களே பிணை. அவள் தவணை தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். ஆகவே, ஆறுதல் சொல்ல வரவேண்டிய அயலவள் கடன் கேட்டுப் படலையில் நின்றாள். 2018 இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் இத்தகைய கடனில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. பணம் தள்ளுபடியாகலாம். முறிந்த முகத்தை யார் ஒட்டுவது?

சிறிய வேலைகளால் ஒட்டலாம் என்பதே எமது கருத்து. முதலாவது வீட்டுத்தோட்டம். பத்தடி நிலம் போதும். அதுவும் இல்லாவிட்டால் உரப்பையில் மண் நிரப்பலாம். கீரை ஒரு மாதத்தில் கறிக்கு வரும். வெண்டியும் பயற்றையும் இரண்டு மாதத்துக்குள் காய்க்கும். சமையலறைக் கழிவுநீரை வாழைக்கு விடலாம். வேலிப் பூவரசங்குழையைத் தாட்டால் பசளையாகும். நல்ல காயைப் பறிக்காமல் முற்றவிட்டு, விதையை உலர்த்திச் சாம்பலில் பிரட்டி வைப்போம். அதில் ஒரு பங்கை அயல்வீட்டுக்குக் கொடுப்போம். எம் வீட்டு விதை பழுதானாலும் அங்கே அது உயிரோடு இருக்கும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோதும், 2022 இல் விலைவாசி எகிறியபோதும், கொல்லையில் முருங்கையும் மரவள்ளியும் நின்ற வீடுகளுக்கு ஒரு நேரக் கறியாவது மிஞ்சியது.

இரண்டாவது தையல். பழஞ்சேலை இரண்டு மூன்றை அடுக்கி, ஓரம் மடித்து, நீளப்பாட்டில் நெருக்கமாக நூலோடினால் மார்கழிப் பனிக்கு ஒரு போர்வை கிடைக்கும். தனியே தைத்தால் பல நாள். நாலு பேர் நாலு பக்கம் இருந்து தைத்தால் சில பின்னேரங்கள் போதும். போர்வையை விடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு. எந்த வீட்டில் இன்று அடுப்பு மூட்டவில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்பது அந்த இருப்பில்தான் தெரியவரும். யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, அவள் தைத்துக் கொடுத்த உடைகளைக் காட்டி விதவைகள் அழுததாகத் திருத்தூதர் பணி நூல் சொல்கிறது. ஊசியும் நூலும் அவளுடைய மறைபரப்பு.

தனித்து வாழும் பெண்களுக்கு இறுகிய வேலி வேண்டாமா என்று சிலர் கேட்பர். கட்டாயம் வேண்டும். ஆடுமாடு வராமலும் தோட்டத்துக்கு வேலி வேண்டும். ஆனால் இரவில் கூப்பிட்டால் ஓடிவர ஆள் இல்லாத வீட்டுக்குத் தகரம் எவ்வளவு காவல்?

தோட்டம் செய்யுங்கள் என்றால் சொந்தக் காணியை மறந்துவிடுங்கள் என்பதா என்றும் கேட்கலாம். 1990 இல் வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் இன்றும் தம் காணியை மிதிக்கவில்லை. அந்த உரிமையை ஒருபோதும் கைவிடமுடியாது. பாபிலோனுக்குப் பெயர்க்கப்பட்ட மக்களுக்கு இறைவாக்கினர் எரேமியா கடிதம் எழுதினார்: இருக்கும் இடத்தில் வீடு கட்டி, தோட்டம் வைத்து, அதன் பலனை உண்ணச் சொன்னார். ஊர் திரும்புவீர்கள் என்ற வாக்குறுதியும் அதே கடிதத்தில்தான் இருந்தது.

எனவே இந்த மாரிக்கு நாற்றுப் போடும்போது அயல்வீட்டுக்கும் சேர்த்து நாலு கன்று கூடப் போடுவோம். முகம் பாராதிருக்கும் அயலவருக்கு முதலில் அதைக் கொண்டுபோய்க் கொடுப்போம். வழி இல்லையென்றால், வேலியில் ஒரு பொட்டு வைப்போம்.