பிறர் உடுத்திய ஆடை இழிவா?

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். அந்த ஆடை இன்னொருவர் உடுத்திக் கழித்ததாக இருந்தால், மீதிப் பாதி ஆளுக்கும் மதிப்புப் போய்விடுமா? எங்கள் வீட்டில் எழுந்த வழக்கு இதுதான்.

என் பெரியம்மாவின் மகள் மேற்படிப்புக்காக இலண்டன் சென்றாள். நவம்பர் மாதக் குளிர் எலும்பைத் துளைத்தது. புதுக் கம்பளிக் கோட்டு வாங்கக் கையில் பணம் இல்லை. அறப்பணி நிறுவனம் ஒன்று நடத்தும் கடையில், 12 பவுனுக்கு ஒரு பழைய கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். கைப்பேசித் திரையில் அதைக் கண்ட பெரியம்மா, "யாரோ செத்தவங்க துணியாயிருக்கும், கழற்றிப் போடுடி!" என்று அழுதே விட்டார். அக்காவும் அழுதாள். நானோ அக்காவின் பக்கம் நின்றேன்.

தோழியரே, பழந்துணி உடுத்துவது அந்நகரத்தில் வறுமையின் அடையாளம் மட்டும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 ஜூன் மாதம் இங்கிலாந்தில் துணிக்குப் பங்கீடு வந்தது. 1949 மார்ச் வரை அது நீங்கவில்லை. முதலாண்டில் ஆளுக்கு 66 கூப்பன். ஒரு கம்பளிக் கவுனுக்கே 11 கூப்பன் போய்விடும். கிழிந்ததைத் தைத்தும் பழையதைப் பிரித்துப் புதிதாக்கியும் உடுத்தும் வழிகளை விளக்கி அரசாங்கமே 1943-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டது. 1947-இல் இளவரசி எலிசபெத்தின் திருமண ஆடைக்கும் கூப்பன் கொடுத்தே துணி வாங்க வேண்டியிருந்தது! அந்த நாட்களில்தான், கிரேக்க நாட்டுப் பட்டினியைப் போக்க 1942-இல் ஆக்ஸ்போர்டு நகரில் தோன்றிய குழுவினர், பிராட் தெருவில் ஒரு கடை திறந்து, மக்கள் கொடுத்த பழைய பொருள்களை விற்கலானார்கள். 'ஆக்ஸ்பாம்' என்று இன்று உலகமே அறிந்த நிறுவனம் அதுவே.

இன்று இலண்டனில் இத்தகைய கடை இல்லாத கடைவீதியைக் காண்பது அரிது. வேண்டாத ஆடைகளை மக்கள் இலவசமாகக் கொடுக்கின்றனர். பெரும்பாலும் தொண்டர்களே விற்கின்றனர். வரும் இலாபம் நோயாளிகளுக்கோ ஏழைகளுக்கோ போகிறது. வருமான வரி கட்டுபவர் தம் பெயரைப் பதிந்து துணியைக் கொடுத்தால், அது விற்ற ஒவ்வொரு பவுனுக்கும் அரசாங்கம் 25 பென்சு சேர்த்துத் தருகிறது. செல்வர் வாழும் செல்சி, கென்சிங்டன் பகுதிக் கடைகளில் உயர்ந்த ஆடைகள் கிடைக்குமாம். அக்கா அங்கே பேருந்தில் போய்த்தான் பொறுக்குகிறாள். அக்குளையும் உட்துணியையும் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், கம்பளி எத்தனை பங்கு என்று சீட்டைப் படிப்பாள். பிரிக் லேன் பக்கத்தில் 'விண்டேஜ்' என்று பெயரிட்ட கடைகளும் உண்டு. அங்கே பழமைக்கே தனி விலை. சிக்கனத்தை அங்கே தேடக்கூடாது.

'பூமிக்கு நல்லது' என்று சீட்டு ஒட்டிய புது ஆடைகளையும் நான் எளிதில் நம்புவதில்லை. இத்தகைய விளம்பரங்களைக் குறித்து 2022-இல் பிரிட்டனின் போட்டி ஆணையம் மூன்று பெரிய ஆடை நிறுவனங்களை விசாரித்தது. இனித் தெளிவாகவும் உண்மையாகவும் சொல்வோம் என்று 2024-இல் அம்மூன்றும் எழுதிக் கொடுத்தன. பழைய கோட்டுக்கு அத்தகைய விளம்பரம் எதுவும் தேவையில்லை.

ஆனால், இப்போது அக்காவோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அந்த ஒரு கோட்டு ஐந்து கோட்டாகிவிட்டது. சுவெட்டர் பதினொன்று! கேட்டால், "பழசுதானே, மலிவுதானே, பூமிக்கும் நல்லதுதானே" என்கிறாள். சலித்துப் போனவற்றைப் பையில் கட்டி அதே கடையில் கொடுத்துவிட்டுப் புண்ணியம் செய்த முகத்தோடு திரும்புகிறாள். அந்தப் பை எங்கே போகிறது?

கடைக்கு வருவதெல்லாம் கடையில் விற்பதில்லை. மீந்தவை எடைக்கு விற்கப்பட்டு, பொதிகளாகக் கட்டப்பட்டுக் கப்பலேறுகின்றன. அவற்றுள் பல ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகரான அக்ராவுக்குப் போகின்றன. அங்கே காண்டமாண்டோ என்னும் சந்தைக்கு வாரத்திற்கு ஒன்றரைக் கோடி உருப்படிகள் வருவதாகத் தொண்டர்கள் கணக்கிடுகின்றனர். பொதிக்குள் என்ன இருக்கிறதென்று அறியாமலே கடன் வாங்கியாவது அதை வாங்குகிறார்கள் சிறு வணிகர்கள். நல்ல துணி இருந்தால் பிழைப்பு. கறையும் கிழிசலுமாக இருந்தால் கடன். ஏறத்தாழ 55 கிலோ எடையுள்ள அந்தப் பொதியை நெருக்கமான சந்துகள் வழியே தலையில் சுமப்பவர்கள் யார்? நாட்டின் வடபகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பெண்கள்! அவர்களுள் நம் வயதினரும் உண்டு. விற்காத துணி குப்பைமேட்டிலும் வாய்க்காலிலும் கடற்கரையிலும் சேர்கிறது. 2025 புத்தாண்டு இரவில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. வணிகர்கள் தாங்களே மீண்டும் கடை கட்டினார்கள்.

அவ்வூரார் இத்துணிகளை 'ஒப்ரோனி வாவு' என்கிறார்கள். செத்துப்போன வெள்ளைக்காரரின் துணி என்று பொருளாம். உயிரோடிருப்பவர் இத்தனை நல்ல துணியை வீசி எறிவாரா என்ற வியப்பில் பிறந்த பெயர் என்பார்கள். பெரியம்மா சொன்ன அதே சொல்! ஆனால் அங்கே வெட்கப்பட வேண்டியவர் உடுத்துபவர் அல்லர். ஓயாமல் வாங்கி ஓயாமல் கழிப்பவரே. (பழைய துணிக்குப் பாத்திரம் தருபவர் நம் தெருவுக்கு வந்தால் நாமும் மூட்டையைத்தான் நீட்டுகிறோம். அது எங்கே போகிறதென்று நானும் கேட்டதில்லை.)

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். "அப்போ மூலையிலே கட்டி வைத்திருக்கும் இந்தப் பையை என்னடி செய்யச் சொல்றே?" என்று கோபித்தாள். கிழிந்ததைத் துடைக்கும் துணியாக்கு; நல்லதை வேண்டுமென்று கேட்கும் தோழிக்கு நேரே கொடு; அந்த முதல் கோட்டை இன்னும் நாலு குளிர்காலம் உடுத்து என்றேன். அதன் உட்துணி கிழிந்துவிட்டதாம். அங்கே தையற்கூலி கோட்டின் விலையைவிட அதிகமாம்.

பெரியம்மாவின் மனம் இன்னும் முழுதாய் ஆறவில்லை. "அந்தக் கோட்டு" என்று சொல்லும்போதே முகம் சுளிக்கிறார். ஆனாலும் உட்துணிக்கு எத்தனை மீட்டர் வேண்டுமென்று அளந்து சொல்லச் சொல்லி, போன ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார்.