முதல் கணினிக்கு எந்த இயங்குதளம்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கணினி வாங்குவோர் அதன் நிறத்தைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள். அதற்கு உயிரூட்டும் இயங்குதளத்தைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் சிலரே. கடைக்காரர் எதைப் போட்டுத் தருகிறாரோ அதுவே போதும் என்று இருந்துவிடுகிறோம்.

இனி அப்படி இருக்க இயலாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 14-10-2025 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். இவை இல்லாத கணினியைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம்மில் பலர். கூலிப் பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, அதைத் தூக்கி எறியச் சொல்வது நியாயமா?

வேறு வழி உண்டு. அதுவே லினக்ஸ். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 21ஆம் வயதில் அதன் உட்கருவை எழுதி வெளியிட்டார். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் நிரல்களும் அதனுடன் இணைந்தன. இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். நம்மைவிட ஓரிரு வயதே மூத்த ஒரு மாணவர் தொடங்கிய பணி இது என்பதை நாம் மறக்கலாகாது.

ஆனால் லினக்ஸில் வகைகள் ஏராளம். தொடக்கநிலையினர் தடுமாறுவது இங்கேதான். திரைப்படத்தில் கண்ட கருந்திரையில் மயங்கிக் காலி லினக்ஸை நிறுவுவோர் உண்டு. அது பாதுகாப்புச் சோதனை செய்யும் வல்லுநர்களுக்கானது. ஆர்ச் லினக்ஸோ கட்டளைகளை அறிந்தவருக்கு உரியது. நீந்தத் தெரியாதவன் நடுக்கடலில் குதிப்பது வீரம் ஆகாது.

பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பே ஏற்றது என்பது என் கருத்து. 2 ஜி.பி. நினைவகத்திலும் இயங்கும், 4 ஜி.பி. இருந்தால் நலம். விண்டோஸில் உள்ளதுபோலவே கீழே பட்டையும் இடப்பக்க மூலையில் பட்டியலும் இருப்பதால் பழகிய கைக்கு அயர்வில்லை. எழுத, கணக்கிட லிப்ரே ஆபீஸ் உடன் வருகிறது. இது உபுண்டுவின்மீது கட்டப்பட்டது. ஆகவே உபுண்டுவுக்குச் சொல்லப்பட்ட தீர்வுகள் பெரும்பாலும் இதற்கும் பொருந்தும்.

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டியதும் இல்லை. 8 ஜி.பி. பென் டிரைவில் இதை ஏற்றி, வன்தட்டைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி இயங்குகிறதா, தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறதா என்று பார்த்தபின் முடிவு செய்யுங்கள். நிறுவுமுன் சான்றிதழ்களையும் படங்களையும் வேறிடத்தில் படியெடுத்து வைப்பது கட்டாயம்.

குறை இல்லையா? உண்டு. டேலி, போட்டோஷாப் போன்றவை இதில் நேரடியாக இயங்கா. அவை தேவைப்படும் வணிகவியல் நண்பர்கள் விண்டோஸை அகற்றாமல், இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. நம் மாநில அரசு 2011இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் தெருவில் அதைப் பெற்ற அண்ணன்மாரும் அக்காமாரும் அந்தப் பக்கமே போனதில்லை. அருகில் அமர்ந்து காட்டித் தர ஆளில்லை, அதுவே காரணம். பொருளைக் கொடுத்தால் மட்டும் போதாது. பழக்கமும் கொடுக்க வேண்டும்.

எனவே நம் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் மாதம் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குவோம். தெரிந்த ஒருவர் தெரியாத ஒருவருக்குக் கற்றுத் தரட்டும். வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும் கணினிகள் விழித்தெழட்டும்!