பாலுக்கு அளவுகோல் உண்டு, பசுவுக்கு?

நந்தினி பாலின் விலை 2025 ஏப்ரல் 1ஆம் தேதி லிட்டருக்கு 4 ரூபாய் உயர்ந்தபோது, நகரத்துக் குடும்பங்களின் பட்ஜெட் பற்றியும் விவசாயிக்குக் கட்டுபடியாகும் விலை பற்றியும் நிறையவே பேசப்பட்டது. கூடுதல் தொகை பால் உற்பத்தியாளருக்கே போய்ச் சேரும் என்று சொல்லப்பட்டது. இந்த விவகாரத்தில் அதிகம் பேசப்படாத ஜீவன் ஒன்று உண்டென்றால் அது மாடுதான்.

கர்நாடகத்தின் பால் வளம் சாமானியமானதல்ல. 1974ல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய திட்டம் 1984ல் கர்நாடக பால் சம்மேளனமாக உருப்பெற்றது. 2024ஆம் ஆண்டின் நடுவில் ஒரு நாள் கொள்முதல் 1 கோடி லிட்டரைத் தொட்டது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத கோலார் மாவட்டத்தில், மழை பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களைத் தாங்கி நிறுத்தியது தொழுவத்தில் நின்ற இரண்டு, மூன்று கலப்பின மாடுகளே. இந்த வருமானம் நிலைத்திருக்க வேண்டுமானால் மாடு ஆரோக்கியமாக இருக்க வேண்டும். அதை அளந்து பார்க்கும் ஏற்பாடு என்ன என்பதுதான் கேள்வி.

கிராமத்துப் பால் சங்கத்தில் காலையும் மாலையும் நடப்பது எல்லாரும் அறிந்ததே. கேனைச் சாய்த்துச் சிறிது பால் எடுக்கிறார்கள். கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கலான இதர சத்து எவ்வளவு என்று கருவி சொல்கிறது. அதன்படி பணம். மாநில அரசு தரும் லிட்டருக்கு 5 ரூபாய் ஊக்கத் தொகையும் லிட்டர் கணக்கில்தான் வருகிறது. மாட்டைப் பற்றி அந்த மேஜையில் ஒரு வார்த்தையும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், மாட்டின் நோயை முதலில் காட்டிக் கொடுப்பதும் பெரும்பாலும் அந்த மேஜைதான். மடிநோய் இரண்டு வகை. மடி வீங்கி, பால் திரிந்து வருவது கண்ணுக்குத் தெரியும். மற்றது மறைவாக இருக்கும். மடியும் பாலும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் கறவை குறையும். பாலில் உள்ள சர்க்கரையும் நல்ல புரதமும் குறைந்து, உப்புச் சத்து கூடும். எனவே இதர சத்தின் அளவு இறங்கக்கூடும். இறங்கினால் சங்கத்தில் எழும் முதல் சந்தேகம் என்ன? “தண்ணீர் கலந்தாயா?” என்பதுதான். தண்ணீரே கலக்காத விவசாயி தலைகுனிந்து வீடு திரும்புகிறார், விலையும் குறைகிறது, நோயோ மடியிலேயே தங்கிவிடுகிறது. நாணயத்தைச் சோதிக்கும் கருவி, நோயைச் சோதிக்காததால் வரும் வினை இது.

மறைவான மடிநோயைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. 1957லேயே அமெரிக்காவில் கலிபோர்னியா சோதனை என்ற எளிய முறை வந்துவிட்டது. நான்கு குழிகள் உள்ள தட்டில் நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே பீய்ச்சி, அதே அளவு சோதனைத் திரவம் விட்டுச் சுழற்றினால், நோயுற்ற காம்பின் பால் கூழாகத் திரளும். சாதாரண சலவைத் தூள் கரைசலைக் கொண்டே இதைச் செய்யலாம் என்றும் காட்டியிருக்கிறார்கள். ஒரு நிமிட வேலை.

இது நடக்கிற காரியம்தான் என்பதற்குக் குஜராத்தே சாட்சி. அங்கே சபர்காந்தா பால் ஒன்றியத்தில், தேசிய பால்வள வாரியத்தின் முயற்சியால், சங்கத்துக்கு வரும் பாலை உறுப்பினர் வாரியாகச் சோதித்து, சந்தேகம் எழும் வீடுகளுக்குச் சென்று மாடுகளைப் பார்க்கும் முறை கொண்டுவரப்பட்டது. சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடியில் பூசும் வைத்தியத்தையும் வாரியம் ஊர் ஊராகப் பரப்பிவருகிறது. தமிழ்நாட்டுக் கால்நடைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி வகுத்துத் தந்த முறை அது.

இதனால் கிடைக்கும் லாபம் மாட்டோடு நிற்பதில்லை. நோய் முற்றினால் ஊசி. ஊசி போட்டால் மருந்து உடலைவிட்டு நீங்கும்வரை அந்தப் பாலை விற்கக் கூடாது. அந்த நாட்களின் நஷ்டத்தை யார் தாங்குவது? 2018ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை ஆராய்ந்ததில், 77ல் மருந்து எச்சம் வரம்பை மீறியிருந்தது. பூஞ்சை பிடித்த தீவனத்தால் வரும் அஃப்ளடாக்சின் நச்சு 368ல் இருந்தது. காய்ச்சினாலும் போகாத நச்சு அது. பிண்ணாக்கு மூட்டை ஈரத் தரையில் கிடப்பது மாட்டின் ஈரலையும் கெடுக்கும், வீட்டுக் குழந்தையின் டம்ளரையும் எட்டும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2013ல் தென் கர்நாடகத்தில் கோமாரி பரவி ஆயிரக்கணக்கான மாடுகள் மடிந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 2019ல் மத்திய அரசு 13,343 கோடி ரூபாய் செலவில் கோமாரிக்கும் கன்று வீச்சு நோய்க்கும் எதிரான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. மாட்டின் காதில் 12 இலக்க எண்ணுள்ள வில்லை மாட்டப்படுகிறது. 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் மருத்துவ வண்டி வரும் ஏற்பாடும் உண்டு. ஊசி போட்டால் இரண்டொரு நாள் கறவை குறையும் என்று தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் தடுப்பூசிப் பதிவு வேறு, உடல்நலக் கணிப்பு வேறு. ஊசி போட்ட மாடு நொண்டலாம். விலா எலும்பு தெரிய மெலிந்திருக்கலாம். சிமெண்டுத் தரையில் படுத்துப் படுத்து முழங்கால் புண்ணாகியிருக்கலாம். 13 மாதத்துக்கு ஒரு கன்று என்பது நல்ல பண்ணையின் கணக்கு. சினை ஊசி போட்டுப் போட்டுப் பிடிக்காமல் 18 மாதம் தள்ளிப்போகும் மாடு எந்தப் பதிவேட்டில் நோயாளியாகக் குறிக்கப்படுகிறது? படுத்திருக்கும் மாடு அசை போடுகிறதா, சாணம் இறுகியிருக்கிறதா, வெயிலில் வாய் திறந்து இரைக்கிறதா என்று பார்க்கப் பழகிய கண் போதும். மாட்டுக்காரர்களுக்கு அந்தக் கண் உண்டு. அவர்கள் கண்டதை எழுதி வைக்கத்தான் இடமில்லை.

ஐரோப்பிய நாடுகளில் ஒரு மில்லி பாலில் 4 லட்சம் உடல் அணுக்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அணு குறைந்தால் விலை கூட்டித் தரும் பால் நிறுவனங்களும் அங்கே உண்டு. அதே விதியை நாளையே இங்கே புகுத்தினால் அடிபடுவது இரண்டு மாடு வைத்திருப்பவர்தான். அபராதத்தில் தொடங்காமல் ஊக்கத் தொகையில் தொடங்கலாம். லிட்டருக்கு 5 ரூபாய் கொடுக்கும் அரசு, சோதனையில் தேறிய மடிக்கு அதற்கு மேல் 50 காசு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம். சினை ஊசி போட ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறவரின் பையில் அந்த நான்கு குழித் தட்டையும் வைத்தனுப்ப வேண்டும். அவர் நேரத்துக்கும் கூலி வேண்டும். அந்தக் கூலியைச் சங்கம் கொடுப்பதா, ஒன்றியம் கொடுப்பதா என்பதை அடுத்த விலை உயர்வுக்கு முன்பாவது தீர்மானித்தாக வேண்டும்.